பால் மரத்தின் பங்காளிகள்

ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் காய் வெடிக்கும் பருவம் நினைவிருக்கும். வெயில் ஏறியதும் நிரைக்கு நிரை டப், டப் என்று சத்தம் கேட்கும். கொட்டைகள் பல அடி தூரம் தெறித்து லயத்துத் தகரக் கூரையில் வந்து விழும். பிள்ளைகள் ஓடி ஓடிப் பொறுக்குவார்கள். சிமெண்டுத் தரையில் தேய்த்துப் பக்கத்தில் இருப்பவன் கையில் சூடு வைப்பார்கள். கொஞ்சம் கூர்ந்து பார்க்கும் பிள்ளையாக இருந்தால் இன்னொன்றும் தெரிந்திருக்கும்: ஒரு மரத்தின் கீழ் கிடக்கும் கொட்டைகள் எல்லாவற்றிலும் புள்ளியும் வரியும் ஒரே மாதிரி இருக்கும். கொட்டையின் மேலோடு தாய் மரத்தின் திசுவால் ஆனது. அதனால் அந்தக் கோலம் தாயின் கோலம். கொட்டையைப் பார்த்தே இது எந்த ஒட்டுரகத்து மரம் என்று சொல்லக்கூடிய அனுபவசாலிகள் உண்டு.

கொட்டையை எல்லாரும் பொறுக்கினோம். வெடித்துச் சிதறிய காயின் ஓட்டைத்தான் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இன்று அந்த ஓட்டிலிருந்து நம் பேச்சைத் தொடங்குவோம்.

வெடிக்காத ரப்பர்க் காய் ஒன்றை எடுத்துக் குறுக்கே வெட்டினால் உள்ளே மூன்று அறைகள் இருக்கும். அறைக்கு ஒரு கொட்டை. இனி லயத்துப் பின்புறம் போவோம். குப்பைமேட்டில் தானாக முளைத்த ஆமணக்கின் காயை உடைத்தால் மூன்று அறை, மூன்று விதை. வேலிக்கு நட்ட காட்டாமணக்கிலும் அப்படியே. மரவள்ளியை நாம் குச்சி ஒடித்து நடுகிறோம்; கிழங்கு முற்றியதும் பிடுங்கிவிடுகிறோம்; அதனால் அதன் காயைப் பலர் பார்த்திருக்கமாட்டோம். சும்மா விட்டுவைத்த பழைய மரவள்ளிச் செடியில் தேடினால், ஓரங்களில் சிறு சிறகுகள் வைத்த உருண்டைக் காய் கிடைக்கும். அதையும் உடைத்துப் பாருங்கள். மூன்று அறை, அறைக்கு ஒரு விதை. நன்றாகக் காய்ந்தால் இதுவும் வெடிக்கும்.

எண்பது அடி உயர மரம் ஒன்று, கிழங்குச் செடி ஒன்று, எண்ணெய் வித்து ஒன்று, வேலிச் செடி ஒன்று. பார்வைக்கு ஒன்றோடொன்று ஒட்டாத இவை காயின் உள்வீட்டில் மட்டும் ஒரே கணக்கு வைத்திருப்பது எப்படி? உயிர்களை வகை பிரிக்கும் அறிஞர்களின் வேலை இந்த மாதிரிக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

மனிதர்கள் எல்லாருமே வகை பிரிக்கிறவர்கள்தாம். தோட்டத்து நிர்வாகத்துக்குச் செடிகள் இரண்டே வகை: பயிர், களை. சமையலறைக்கு வேறு கணக்கு. மீன் குழம்புக்குப் புளி இல்லாவிட்டால் அசாம் கீப்பிங் போடுகிறோம். பினாங்கு அசாம் லக்சாவிலும் அதன் புளிப்பு உண்டு. சமையலுக்கு அதுவும் புளி, இதுவும் புளி. ஆனால் புளிய மரம் அவரைக்கும் மொச்சைக்கும் உறவு. காயைப் பார்த்தாலே தெரியும். அசாம் கீப்பிங் தரும் கெலுகோர் மரமோ மங்குஸ்தானுக்குத் தம்பி; மலையாளத்தார் மீன் குழம்பில் போடும் குடம்புளிக்கும் தம்பி. நம் பினாங்கில் கெலுகோர் என்ற ஊரே அந்த மரத்தின் பெயரோடு இருக்கிறது. பயனைக் கொண்டு பிரித்தால் அன்றாட வேலை நடக்கும். உறவு தெரியாது.

சரி, ரப்பரின் உறவைப் பாலை வைத்துக் கண்டுபிடித்துவிடலாமே என்று தோன்றும். நாமே அதைப் பால் மரம் என்றுதான் அழைக்கிறோம். இங்கேதான் முதல் வழுக்கல். ஜார்ஜ் டவுனை ஒட்டிய ஜெலுத்தோங் என்ற ஊருக்குப் பெயர் கொடுத்த மரத்திலும் பால் வடியும். அந்தப் பாலைச் சூயிங்கம் செய்ய வாங்கிப்போன காலம் ஒன்று இருந்தது. ஆனால் ஜெலுத்தோங் மரம் ரப்பருக்கு உறவன்று. அது அரளி, நந்தியாவட்டை, எருக்கு ஆகியவற்றின் குடும்பம். பலாவிலும் ஆலிலும் பால் உண்டு. அவை இன்னொரு குடும்பம். சீக்கு மரத்தில் பால் உண்டு; அது வேறொன்று. பூச்சியும் புழுவும் கடிக்கும்போது காயத்தை மூடவும் கடித்த வாயை ஒட்டவும் ஒட்டுப்பால் நல்ல உபாயம். அந்த உபாயத்தைப் பல குலங்கள் தனித்தனியாகவே அடைந்திருக்கின்றன.

இதை நம் வாழ்க்கையிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம். முப்பது வருடம் பால் வெட்டிய இருவர் கையைப் பாருங்கள். இருவருக்கும் ஒரே இடத்தில் காய்ப்பு இருக்கும். அதனால் அவர்கள் அண்ணன் தம்பி ஆகிவிடமாட்டார்கள். ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீட்டில் இருந்ததாலும் ஆகமாட்டார்கள். ஆனால் வேறு வேறு தோட்டத்திலிருந்து வந்த இருவர் ஒரு கல்யாண வீட்டில் பேசிக்கொண்டிருக்கும்போது, இருவருக்கும் குலதெய்வம் ஒரே ஊரில் ஒரே அய்யனார் என்று தெரிந்தால் என்ன ஆகிறது? 'அப்படியானால் நாம் பங்காளி ஆச்சே' என்று முறை மாற்றிக் கூப்பிடத் தொடங்குகிறார்கள். கைக்காய்ப்பு வேலை கொடுத்தது. குலதெய்வம் முன்னோர் கொடுத்தது. தாவர நூலார் தேடுவது இரண்டாவது வகை அடையாளத்தை.

இலையும் உயரமும் தண்டின் பருமனும் கைக்காய்ப்பைப் போன்றவை. வறண்ட நிலம், ஈர நிலம், நிழல், வெயில் என்று இடத்துக்கு ஏற்ப அவை எளிதில் மாறிவிடும். பூவின் அமைப்பும் காயின் அறைக் கணக்கும் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. தமிழ்நாட்டு வறண்ட காட்டில் வேலியாக நிற்கும் சதுரக்கள்ளியையும் சப்பாத்திக்கள்ளியையும் நம் முன்னோர் இரண்டுமே கள்ளி என்றார்கள். இரண்டும் சதைப்பற்றுள்ளவை, இரண்டிலும் முள். ஆனால் சப்பாத்திக்கள்ளி அமெரிக்காவிலிருந்து வந்த வேறு குலம். சதுரக்கள்ளியின் காயைப் பார்த்தால் மூன்று அறை. அது ரப்பரின் பங்காளி! பிரட்டுக்களத்து ஓரத்தில் நம் காலில் மிதிபடும் அம்மான் பச்சரிசியின் காய் கடுகளவுதான் இருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் அதிலும் மூன்று. சாணுக்கும் குறைந்த அந்தக் களையும் வானுயர்ந்த பால் மரமும் ஒரே வம்சம் என்பதை முதன்முதலில் உணரும்போது நமக்குச் சற்றுத் திகைப்பாகவே இருக்கும்.

தமிழில் இந்தக் குலத்தை ஆமணக்குக் குடும்பம் என்கிறோம். ஆமணக்கு, காட்டாமணக்கு என்று நம்மவர் பெயரிட்டதைக் கவனியுங்கள். மலாய்க்காரர் ஆமணக்கை ஜாராக் என்றும் காட்டாமணக்கை ஜாராக் பாகார், அதாவது வேலி ஜாராக், என்றும் சொல்கிறார்கள். இரண்டு மொழிக்காரரும் தனித்தனியே பார்த்து ஒரே உறவைக் கண்டிருக்கிறார்கள். பல்கலைக்கழகம் போகாத கண்களைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

இந்த வேலைக்கு உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரு முறையைக் கொடுத்தவர் சுவீடன் நாட்டு லின்னேயஸ். 1753-இல் வெளிவந்த நூலில் ஒவ்வொரு செடிக்கும் இரண்டு சொல்லில் பெயர் வைத்தார். முதற்சொல் பேரினம், இரண்டாவது சிற்றினம். நாம் தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே போட்டுப் பிறகு நம் பெயரை எழுதுவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நூலில் அவர் மரவள்ளிக்கு வைத்த பெயர் ஜட்ரோஃபா மனிஹோட். ஜட்ரோஃபா என்பது காட்டாமணக்கின் பேரினப் பெயர். மரவள்ளியும் காட்டாமணக்கும் ஒரு வீட்டுப் பிள்ளைகள் என்றே எண்ணியிருக்கிறார். பின்னால் வந்தவர்கள் மரவள்ளிக்குத் தனி வீடு கொடுத்தார்கள். ஆனால் தெரு மாறவில்லை.

லின்னேயஸிடம் படித்த கோனிக் என்ற மருத்துவர் 1768-இல் தரங்கம்பாடிக்கு வந்தார். நம் பாட்டன்மார் பலர் பினாங்குக்குக் கப்பல் ஏறிய நாகப்பட்டினத்துக்கு வடக்கே, அதே கரையில் உள்ள ஊர் அது. அங்கிருந்து செடிகளைத் திரட்டித் தம் ஆசிரியருக்கு அனுப்பினார். பிறகு சயாமுக்கும் மலாக்காவுக்கும்கூடச் செடி தேடி வந்துபோனார். ரப்பரின் பேரினமான ஹீவியாவுக்குப் பெயர் வைத்தவர் ஓப்லே என்ற பிரெஞ்சுக்காரர். கயானா நாட்டுச் செடிகளைப் பற்றி 1775-இல் அவர் வெளியிட்ட அதே நூலில்தான் நாகலிங்க மரத்துக்கும் இன்றைய பெயரைக் கொடுத்தார். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை வந்தவர்கள் பக்கத்திலுள்ள பினாங்குத் தாவரவியல் பூங்காவில் நாகலிங்க மரத்தைப் பார்த்திருக்கலாம். 1884-இல் தொடங்கிய பூங்கா அது. பூவுக்குள் லிங்கமும் நாகமும் காணும் நாம் அதைக் கோயில் மரமாக்கிவிட்டோம். அதன் தாய்வீடு என்னவோ ரப்பர் பிறந்த தென் அமெரிக்காதான்.

லின்னேயஸ் குடும்பம் குடும்பமாகப் பிரிக்க வழி காட்டினாரே தவிர, அவை ஏன் குடும்பமாக இருக்கின்றன என்ற கேள்விக்கு விடை இந்தப் பக்கத்திலிருந்து வந்தது. வாலஸ் என்ற ஆங்கிலேயர் 1854-இல் சிங்கப்பூரில் வந்து இறங்கினார். வண்டும் பறவையும் பிடித்து விற்றுப் பிழைத்தவர். பெரிய இடத்துப் பிள்ளையும் அல்லர். மலாக்காவில் சில வாரம் தங்கி லேடாங் மலை ஏறினார். பிறகு சரவாக் போய், 1855-இல் மழைக்காலத்தில் அடைபட்டிருந்தபோது ஒரு கட்டுரை எழுதினார். புதிய இனம் ஒவ்வொன்றும் தனக்கு நெருங்கிய ஓர் இனம் ஏற்கெனவே இருந்த இடத்தில், அதை ஒட்டிய காலத்தில்தான் தோன்றியிருக்கிறது என்பது அதன் கருத்து. உயிர்களின் உறவைக் கிளைவிட்ட மரமாக அவர் உவமித்தார். 1858-இல் அவருடைய இன்னொரு கட்டுரையும் டார்வினின் எழுத்தும் ஒரே கூட்டத்தில் லண்டனில் படிக்கப்பட்டன. அதற்குப் பிறகு 'குடும்பம்' என்ற சொல் உவமையாக இருக்கவில்லை, ரத்த உறவாகிவிட்டது. மூன்று அறைக் காய் வைத்த ஒரு பழைய பாட்டன் செடி இருந்தது. அதன் சந்ததிகள் இடத்துக்கு ஒன்றாக மாறி மரமாகவும் கள்ளியாகவும் களையாகவும் பிரிந்தன. மற்றவை மாறியும் காயின் கணக்கு தங்கிவிட்டது.

இன்று இதற்கு இன்னொரு சாட்சி கிடைத்திருக்கிறது: மரபணு. ஒவ்வொரு உயிரணுவிலும் நீண்ட எழுத்துவரிசை ஒன்று உள்ளது. தலைமுறைதோறும் அது படியெடுக்கப்படும்போது எப்போதாவது ஓர் எழுத்துப் பிழை நேரும். பஜனைப் பாட்டு நோட்டை ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிக்கொள்வதை நினைத்துப் பாருங்கள். இரண்டு நோட்டில் ஒரே இடத்தில் ஒரே பிழைகள் பல இருந்தால், இரண்டும் ஒரே மூல நோட்டிலிருந்து வந்தவை என்று தெரிந்துவிடும். சரியாக இருக்கும் வரிகள் எதையும் காட்டிக்கொடுக்கா. பிழைதான் உறவைச் சொல்லும்.

இந்தச் சாட்சி வந்தபின் சிலர் குடும்பத்தை விட்டு வெளியே போனார்கள். நெல்லியும் கீழாநெல்லியும் வெகுகாலம் ஆமணக்குக் குடும்பத்தில்தான் இருந்தன. மலாக்கா நகருக்குப் பெயர் தந்ததாகச் சொல்லப்படும் மரம் நெல்லிதான். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அவற்றுக்குத் தனிக் குடும்பம் வகுத்தார்கள். வீட்டிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். நெல்லிக்காய்க் கொட்டையை உடையுங்கள். மூன்று அறைதான், ஆனால் அறைக்கு இரண்டு விதை, மொத்தம் ஆறு. ரப்பரிலும் ஆமணக்கிலும் அறைக்கு ஒன்றுதான். பழைய தாவர நூலார் இந்த வேற்றுமையை முன்னரே குறித்து வைத்திருந்தார்கள். மரபணு வந்து அவர்கள் கண்ணை மெய்ப்பித்தது.

வெளியே போனதைவிட உள்ளே வந்ததுதான் பெரிய செய்தி. 1805-இல் பினாங்கில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியாக வேலைக்கு வந்த ராஃபிள்ஸ், பிறகு சுமத்ராவில் பெங்கூலன் பகுதியை ஆண்டபோது, 1818-இல் அவருடன் காட்டுக்குப் போன ஆர்னால்டு என்ற மருத்துவருக்கு ஒரு விந்தை மலர் காட்டப்பட்டது. ஏறக்குறைய மூன்றடி அகலம், அழுகிய இறைச்சியின் நாற்றம். ரஃப்லீசியா என்று பெயரிட்டார்கள். நம் பேராக் காடுகளிலும் சிறிய வகைகள் பூக்கின்றன. அதற்கு இலை இல்லை, தண்டு இல்லை, வேர் இல்லை. காட்டுக் கொடி ஒன்றின் உடலுக்குள் நூல்போல் ஒளிந்திருந்து அதன் சாற்றைக் குடித்து, பூவை மட்டும் வெளியே விடுகிறது. ஒப்பிட ஒன்றும் இல்லாததால் அது யார் வீட்டுப் பிள்ளை என்று யாருக்கும் விளங்கவில்லை. மரபணுவும் முதலில் குழப்பியது. ஏனென்றால் தனக்கு இடம் கொடுத்த கொடியின் எழுத்திலும் சிறிது அதற்குள் கலந்திருந்தது. அந்தக் கொடி பிரண்டைக்கு உறவு. திருடிய பக்கத்தை வைத்துத் திருடனின் குலத்தைச் சொல்ல முடியுமா? வேறு பக்கங்களைப் படித்துப் பார்த்து, 2007-இல் அமெரிக்க ஆய்வாளர் சார்லஸ் டேவிஸும் தோழர்களும் உண்மையை வெளியிட்டார்கள். உலகத்தின் மிகப் பெரிய பூ, கடுகுபோல் பூக்கும் ஆமணக்குக் குலத்தின் கிளையாம்! ரப்பர்ப் பூவை நினைவிருக்கிறதா? மஞ்சள் பொடியாகத் தரையில் உதிர்ந்து கிடக்குமே, அதன் உறவு இது.

இதெல்லாம் அறிஞர்களின் பொழுதுபோக்கு என்று எண்ணிவிட வேண்டாம். மலேசியாவின் ரப்பர் மரங்களில் மிகப் பெரும்பாலானவை 1876-இல் விக்கம் என்பவர் பிரேசிலிலிருந்து கொண்டுபோன ஏறக்குறைய 70,000 கொட்டைகளின் வழிவந்தவை. அதிலும் 1877-இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த கன்றுகள் 22. நம் தோட்டங்கள் எல்லாம் ஒரு சிறு குடும்பத்தின் பிள்ளைகள் என்று பொருள். தென் அமெரிக்காவில் ஒரு பூசணம் இருக்கிறது. அது ஹீவியா பேரினத்து மரங்களின் இலையை மட்டுமே தாக்கும். 1927-இல் தபஜோஸ் ஆற்றங்கரையில் பெருந்தோட்டம் தொடங்கிய ஃபோர்டு கம்பெனி 1945-இல் அதைக் கைவிட்டுப் போனதற்கு அந்த நோய் ஒரு முக்கியக் காரணம். அது இங்கே வரவில்லை. வந்தால் சகோதரர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் படுத்துவிடுவார்கள். தாங்கும் சக்தியை எங்கே தேடுவது? ஆமணக்கோடு ரப்பரைக் கலப்பினம் செய்ய முடியாது; உறவு தூரம். ஹீவியா பெந்தாமியானா போன்ற அதே பேரினத்துச் சகோதர இனங்களோடு முடியும், செய்தும் பார்த்திருக்கிறார்கள். 1981-இல் பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து பிரேசில் காட்டுக்குள் போய்க் காட்டு ரப்பர் விதைகளைத் திரட்டினார்கள். அதில் ஒரு பங்கு மலேசியாவுக்கும் வந்தது. யார் யாருக்குப் பங்காளி என்ற கணக்கு இல்லாமல் இப்படித் தேடிப்போக முடியாது.

வீட்டுக்கு வேண்டிய செய்தி ஒன்று மீதியிருக்கிறது. பங்காளிகளிடம் காயின் கணக்கு மட்டும் அல்ல, நஞ்சும் பொதுவாக இருப்பதுண்டு. ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளியைத் தின்றே உயிர் பிழைத்த நம் பெரியவர்கள் அதைத் தோல் சீவி, நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் பரிமாறினார்கள். கிழங்கில் உள்ள லினமரின் என்ற பொருள், திசு நசுங்கும்போது சயனைடு நஞ்சாக மாறும். அதே லினமரின் பச்சை ரப்பர்க் கொட்டையிலும் இருக்கிறது. பகாங் மக்கள் ரப்பர்க் கொட்டையிலிருந்து அசாம் ரோங் செய்கிறார்கள். அதற்கென்று ஊறவைத்துப் புளிக்கவைக்கும் பக்குவம் அவர்களுக்குத் தெரியும். பக்குவம் இல்லாமல் யாரும் தொடுவதில்லை. ஆமணக்கு விதையில் ரிசின் என்ற கொடிய நஞ்சு. காட்டாமணக்கு விதை இன்னும் மோசமான ஏமாற்று: நிலக்கடலைபோல் ருசியாக இருப்பதால் பிள்ளைகள் ஒன்றுக்கு நான்காய்த் தின்றுவிடுவார்கள், சற்று நேரத்தில் வாந்தியும் பேதியும் தொடங்கும்.

மூன்று அறைக் காயெல்லாம் நஞ்சு என்றோ, மற்றவையெல்லாம் நல்லவை என்றோ நாம் சொல்லவில்லை. லினமரின் மொச்சைக்குத் தூரத்துச் சொந்தமான ஓர் அவரையிலும் உண்டு. அதற்கும் ரப்பருக்கும் உறவே இல்லை. ஆனாலும் வேலியோரத்தில் பெயர் தெரியாத செடியின் காயை உங்கள் பிள்ளை கையில் வைத்திருக்கிறது, அதில் மூன்று அறையும் அறைக்கொரு விதையும் இருக்கிறது என்றால், அதை வாயில் வைக்கவிடாதீர்கள். தின்றுவிட்டது என்று தெரிந்தால் விரலைவிட்டு வாந்தி எடுக்கவைக்காமல், வைத்தியம் தேடி நேரத்தைப் போக்காமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். போகும்போது மறக்காமல் அந்தக் காய் ஒன்றையும் இலையோடு கூடிய ஒரு கிளையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். என்ன தின்றது என்று டாக்டர் கேட்கும்போது 'ஏதோ ஒரு கொட்டை' என்று சொல்வதைவிட, அந்தக் காயை மேசையில் வைத்தால் அது எந்தக் குடும்பம் என்று அவர்களால் பார்த்துக்கொள்ள முடியும்.